ஏரி காத்தவருக்கே நிலம்: கல்வெட்டுகள் சொல்லும் கணக்கு

நான் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளன் அல்லன். வந்தவாசிப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்து, பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து, அரிசி மண்டி வைத்துக் காலம் தள்ளுகிறவன். கடையில் கணக்கு எழுதிய நேரம் போக மீதி நேரத்தில் கல்வெட்டுத் தொகுதிகளைப் படிக்கும் பழக்கம் முப்பது ஆண்டுகளாக உண்டு. அதில் எனக்குப் பிடிபட்ட ஒரு செய்தியை, வியாபாரிக்குத் தெரிந்த பாஷையிலேயே இந்த மலரில் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

நம்மில் பலருக்கு ஊரில் ஏரிப்பாசன நிலம் கொஞ்சமாவது இருக்கும். சிலர் இங்கே ஏரிக்கரை ஓரமாக வீடோ அடுக்குமாடியில் ஒரு தளமோ வாங்கியிருப்பார்கள். இரண்டும் சொத்துதான். அந்தச் சொத்தின் மதிப்பு பத்திரத்தில் மட்டும் இல்லை, பக்கத்து ஏரியின் நிலைமையிலும் இருக்கிறது. ஏரியை ஆண்டுதோறும் பராமரிப்பது தர்ம காரியம் மட்டுமல்ல. நிலம் வைத்திருப்பவன் கட்டாயம் செய்ய வேண்டிய செலவு. நம் முன்னோர் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள் என்பதே இக்கட்டுரையின் சாரம்.

வெட்டியவர் பெயரும் காத்தவர் கணக்கும்

நீர்நிலை அமைப்பதைப் பெரும் புண்ணியமாகச் சொல்லாத பழைய நூல் தமிழில் குறைவு. புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்ன அறிவுரையே, பள்ளமான இடம் பார்த்து நீரைத் தேக்கு என்பதுதான். சமணப் புலவரான காரியாசான் தமது சிறுபஞ்சமூலத்தில், குளம் தோண்டுவது, மரம் வைப்பது, வழி அமைப்பது, தரிசை உழுவயலாக்குவது, கிணறு எடுப்பது ஆகிய ஐந்தையும் செய்பவனுக்கு மேலுலகம் உண்டு என்கிறார். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் மகேந்திரவாடியில் ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்தபோது, அது மகேந்திர தடாகத்தின் கரையில் இருப்பதாகக் கல்லில் எழுதி வைத்தான். ஏரிக்கும் அவன் பெயர்தான்.

ஆக, வெட்டியவனுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் ஏரி ஒருமுறை வெட்டினால் தீர்ந்துபோகிற வேலை இல்லையே. ஒவ்வொரு மழைக்கும் வரத்துக்கால் வழியாக வண்டல் வந்து படியும். கரை கரையும். எலியும் நண்டும் துளை போடும். மதகின் கட்டை உளுத்துப் போகும். கலங்கல் கல் பெயர்ந்து விழும். இதையெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு பார்த்தவர்களின் பெயர் பாட்டில் இல்லை, கல்வெட்டுக் கணக்கில்தான் இருக்கிறது. எனக்கு அந்தக் கணக்குதான் ருசி.

உத்தரமேரூர் சொல்லும் தகுதி

உத்தரமேரூர் கல்வெட்டு என்றவுடன் எல்லோரும் குடவோலைத் தேர்தலைத்தான் சொல்வார்கள். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919லும் 921லும் பொறிக்கப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, வாரியங்களுக்கு ஆள் எடுத்தார்கள். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக் காலம் 360 நாள்.

யார் நிற்கலாம் என்பதை ஊன்றிப் படிக்க வேண்டும். கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றவராக இருந்தால் நில அளவில் சலுகை உண்டு. முந்திய மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமான விதி ஒன்று: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தார்கள்.

நிலமும் வீடும் உள்ளவனுக்கே பதவியா, இது என்ன ஜனநாயகம் என்று இன்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் அந்தச் சபையில் இடம் இருக்கவில்லை. ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. ஏரி உடைந்தால் யார் பயிர் போகுமோ அவன்தான் ஏரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தார்கள். நிலத்தின் உரிமையோடு ஏரியின் பொறுப்பையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வரும் லாபத்தில் பங்கு கேட்கிறவன் பராமரிப்பில் பங்கு எடுக்காமல் நழுவ முடியாது.

முதல் அழியாத தர்மம்

அதே உத்தரமேரூரில் வைரமேக தடாகம் என்ற பெரிய ஏரி பல்லவர் காலத்திலேயே இருந்தது. அதில் தூர் எடுப்பதற்கென்று பொன் கொடுத்த செய்தியைப் பல்லவர் காலக் கல்வெட்டுகளிலேயே காண்கிறோம். இத்தகைய தர்மங்களின் ஏற்பாடு ஒரே மாதிரிதான். கொடுப்பவர் பொன்னையோ நெல்லையோ சபையிடம் ஒப்படைப்பார். சபை அந்த முதலைத் தொடாது. வரும் வட்டியைக் கொண்டு ஒவ்வோர் ஆண்டும் ஏரியில் மண் எடுத்துக் கரையில் போட வேண்டும்.

வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது உடனே புரியும். லாரி வாங்கினால் ஆண்டுக்கு இவ்வளவு தேய்மானம் என்று ஆடிட்டர் எழுதச் சொல்கிறாரே, அதையே அவர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஏரிக்கு எழுதியிருக்கிறார்கள். ஏரி தேயும் என்று தெரிந்து, தேய்வதற்கு முன்பே பணத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

வழிகள் பல இருந்தன. ஏரிப் பராமரிப்புக்கென்று வரி நீக்கி விட்ட நிலம் ஏரிப்பட்டி. பாசனக்காரர்களிடம் வாங்கிய பங்கு ஏரி ஆயம். ஆந்திரத்திலும் கோலார்ப் பக்கத்திலும் ஏரியைக் கட்டியவருக்கோ பழுது பார்த்தவருக்கோ தசவந்தம் என்று மானியம் விட்டார்கள். கன்னட நாட்டில் இதற்குக் கொடகி என்று பெயர். சில கல்வெட்டுகளில், நீர் நிற்கும் காலத்திலும் வண்டல் எடுப்பதற்காக ஓடம் வைத்து, ஓட்டுகிறவர்களுக்குக் கூலி நெல் ஒதுக்கிய விவரமும் வருகிறது. எந்த முறையானாலும் ஏரிக்கான வருமானம் அந்த ஏரிக்குக் கீழேயே பிறந்தது. வெளியூரிலிருந்து நிதி வரட்டும் என்று ஊர் காத்திருக்கவில்லை.

பன்னிரண்டு அங்கமும் ஆறு தோஷமும்

கடப்பை மாவட்டம் போருமாமில்லாவில் 1369ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. விஜயநகர மன்னன் முதலாம் புக்கரின் மகன் பாஸ்கரன் கட்டிய அனந்தராஜ சாகரம் என்ற ஏரியைப் பற்றியது. 1,000 ஆட்களும் 100 வண்டிகளும் இரண்டு ஆண்டு உழைத்தார்கள் என்று சொல்லிவிட்டு, நல்ல ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு அங்கங்களையும் ஆறு தோஷங்களையும் பட்டியல் போடுகிறது. நீர்நூல் அறிந்தவன், கெட்டியான மண், இனிய நீர் தரும் ஆறு, உறுதியான கல் அணை, அகன்று ஆழ்ந்த நடுப்பகுதி, அருகிலேயே கல் எடுக்கும் இடம், வேலை தெரிந்த ஆட்கள் என்று அங்கங்கள் போகின்றன.

தோஷங்கள் ஆறையும் நிலம் வாங்க நினைப்பவர் அவசியம் கேட்க வேண்டும். கரையில் நீர்க்கசிவு, உவர் மண், இரு நாட்டு எல்லையில் அமைவது, ஏரியின் நடுவில் மேடு, நீர் குறைந்து நிலம் மிகுவது, நிலம் குறைந்து நீர் மிகுவது. இவற்றில் கசிவும் நடுமேடும் பராமரிப்பு இல்லாவிட்டால் நல்ல ஏரிக்கும் தாமாகவே வந்து சேரும். வண்டல் வாரப்படாத ஏரியில் நடுவே மேடு தட்டும்; மேட்டில் கருவேலம் முளைக்கும்; பிறகு ஒருவன் அங்கே உழவே தொடங்குவான். கொள்ளளவு குறைந்தால் ஐந்தாம் தோஷமான நீர்ப்பற்றாக்குறையும் பின்னாலேயே வரும்.

சமண நூல்கள் விலக்கிய தொழில்

எங்கள் சமயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமண இல்லறத்தார் செய்யக்கூடாத தொழில்கள் என்று 15ஐ ஒழுக்க நூல்கள் எண்ணுகின்றன. காட்டுக்குத் தீ வைப்பது, நஞ்சு விற்பது போன்றவற்றோடு, ஏரி குளங்களை வற்றச் செய்வதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. குஜராத்தில் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹேமசந்திரரின் யோக சாஸ்திரத்தில் இதைப் பார்க்கலாம். நீரை நம்பி எத்தனை கோடி உயிர்! அதை வற்றடித்து நிலமாக்கிப் பயிரிடுவது பாவம் என்றார்கள். இன்று ஏரியைத் தூர்த்து மனை போடுகிறவர்களை அவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ!

கட்டியதைப் பராமரிப்புக்கு உரிய கைகளில் ஒப்படைப்பதும் அக்கால வழக்கம். ஆற்காட்டுக்கு அருகே விளாப்பாக்கத்தில் 945ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. திருப்பான்மலை அரிஷ்டநேமியின் மாணவியான ஒரு குரத்தியார், அதாவது சமணப் பெண் துறவி, அங்கே கிணறு எடுத்தார். அந்தக் கிணறும் அதைச் சேர்ந்த இடமும் பெண்பள்ளிக்கு உரியதாக ஊரின் இருபத்துநால்வர் பொறுப்பில் வந்தது. தோண்டியது ஒருவர், காப்பது ஊர். இதுதான் முறை.

குடிமராமத்து நடந்த விதம்

கல்வெட்டில் படித்ததன் மிச்சத்தை நானும் சிறுவயதில் கண்டிருக்கிறேன். எங்கள் ஊரில் சித்திரை, வைகாசியில் ஏரி காய்ந்து வெடிப்பு விட்டதும் மாட்டுவண்டிகள் உள்ளே இறங்கும். ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஆளோ வண்டியோ அனுப்ப வேண்டும். எங்கள் அப்பா, "நெலம் எவ்ளோவோ, நெத்தி வேர்வையும் அவ்ளோ" என்பார். எடுத்த வண்டலில் பாதி கரைக்கு, பாதி வயலுக்கு. ஆட்டெருவோடு வண்டலும் போட்ட வயலில் நெல் தூர் கட்டும் அழகே தனி. ஆடியில் வரத்துக்காலைச் செதுக்குவார்கள். ஐப்பசி மழைக்கு முன் கலங்கலையும் மதகையும் பார்த்து முடித்துவிடுவார்கள்.

நீர் பங்கிட கம்புகட்டி என்று ஓர் ஆள். மழை கொட்டுகிற ராத்திரியில் ஊரே தூங்கும்போது கரைமேல் லாந்தரோடு நடப்பவர் அவர்தான். அவருக்குக் களத்துமேட்டில் நெல் அளந்து கொடுத்த பிறகுதான் எங்கள் வீட்டு மூட்டை கட்டப்படும்.

மழைக்காலத்தில் ஏரியில் புழுவும் மீனும் தவளையுமாக இருக்கும். மண்வெட்டி விழுவது கோடையில், நீர் அற்ற பிறகுதான். கொல்லாமை நோன்புடைய எங்கள் வீட்டார் இந்த வேலையில் மனத்தாங்கல் இல்லாமல் கலந்துகொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முடிச்சு அவிழ்ந்த கதை

இந்த ஏற்பாடு ஒரே நாளில் போய்விடவில்லை. கம்பெனி ஆட்சியிலும் ரயத்துவாரியிலும் வரி ஒவ்வொரு பட்டாதாரரிடமும் தனித்தனியாக நேரே வசூலானது. ஊர்ப் பொதுவில் ஏரிக்கு நின்ற வருமானம் மெல்ல மெல்லச் சர்க்கார் கணக்கில் கரைந்தது. வேலைக்கு வர ஆள் தயங்கியபோது, 1858இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட்டார்கள். மரபான மராமத்துக்கு வராதவரிடம் பணமாக வசூலிக்கலாம் என்றது அது. வழக்கம் உயிரோடு இருந்தால் சட்டம் எதற்கு? 1876–78 தாதுவருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்ட பிறகு, 1883இல் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. பெரிய பழுது சர்க்காருக்கு, சிறிய பழுது குடிகளுக்கு என்று பிரித்தார்கள். எது பெரிது எது சிறிது என்ற சச்சரவிலேயே பல கரைகள் கரைந்தன.

பிறகு 1960களில் மின்சார பம்புசெட்டு வந்தது. சொந்தக் கிணறு உள்ளவர் ஏரி மதகைத் திரும்பிப் பார்ப்பதை விட்டார். 1960–61இல் தமிழகத்தில் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஏரிப்பாசனம் இருந்தது. பின்னர் அது ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிட்டது. தமிழகத்தில் சுமார் 39,000 ஏரிகள் என்று கணக்குண்டு. கணக்கில் இருப்பதெல்லாம் நீரில் இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஏரி நிரம்பினால்தான் கிணறு ஊறும் என்பதைக் கிணற்றுக்காரர் மறந்துவிட்டார். நூறு அடியில் கிடைத்த நீர் ஐந்நூறு அடிக்குப் போன பிறகு நினைவு வந்து என்ன பயன்?

என் பங்குக்கு வந்த நிலத்தையே சொல்கிறேன். பத்திரத்தில் இன்றும் "ஏரிப்பாசன நஞ்சை" என்றுதான் இருக்கிறது. மேல்மதகு தூர்ந்துபோனதால் நடுவில் பல ஆண்டு கம்பும் வேர்க்கடலையும்தான். நஞ்சை விலை சொல்லி வாங்க ஆள் வரவில்லை. புஞ்சை விலைக்குக் கேட்டார்கள். எழுத்து மாறவில்லை, சர்வே எண் மாறவில்லை. ஏரி மாறியதால் சொத்து மாறிவிட்டது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே திட்டம் தொடங்கி, விவசாயிகளின் பங்காகச் செலவில் 10 சதவீதம் கேட்டது. அந்த ஆண்டே ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளவும் அனுமதி தந்தது. பத்துக்கு ஒன்று என்பது சிறிய பங்குதான். ஆனால் அந்த ஒரு பங்குதான் ஏரியை "நம்ம ஏரி" ஆக்குகிறது.

பெங்களூர் ஏரிகளும் நம்மைச் சேர்ந்தவையே

இதெல்லாம் ஊர்க்கதை, இங்கே நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். மடிவாளம் சோமேசுவரர் கோயிலில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. வெங்காலூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தை அது குறிப்பிடுகிறது. அங்கேயே தாமரைக்கரை என்று இன்னொரு கல்வெட்டில் வரும் ஊர்தான் இன்றைய தாவரெகெரே. எழுநூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே இங்கே நிலத்துக்கு முகவரி ஏரிதான்! அதற்கும் முன்பு, 9ஆம் நூற்றாண்டுக் கங்கர் காலக் கன்னடக் கல்வெட்டு அகரத்தில் உண்டு. ஒருவர் இரண்டு ஏரிகளுக்கு மதகு வைத்து மூன்றாவது ஏரியையும் கட்டுவித்தார் என்கிறது அது.

அந்த அகரம் ஏரியின் மிகுநீர்தான் பெள்ளந்தூருக்குப் போகிறது. பெள்ளந்தூர் வழிந்தால் வர்த்தூர். மேல் ஏரியின் கலங்கல் நீர் கீழ் ஏரிக்கு என்ற சங்கிலி இங்கும் நம் ஊரைப் போலத்தான். அந்தச் சங்கிலியை அறுத்தோம். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாயிற்று. ராஜகாலுவேக்கள் மேல் வீடு எழும்பின. பெள்ளந்தூர் ஏரி நுரை தள்ளியதும், 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் அதில் தீப்பிடித்ததும் உலகச் செய்தியாகிவிட்டது. தண்ணீரில் தீ! 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு ஓரத்துப் பல கோடி ரூபாய் வில்லாக்களில் இருந்தவர்கள் படகிலும் டிராக்டரிலும் வெளியே வந்தார்கள். 2024 கோடையில் அதே நகரம் டேங்கர் லாரிக்கு வரிசையில் நின்றது. வெள்ளமும் வறட்சியும் ஒரே நோயின் இரண்டு முகம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

2005 அக்டோபர் மழையில் நான் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கில் இடுப்பளவு நீர் புகுந்து, நாற்பது மூட்டை பொன்னி அரிசி வீணானது. அந்த இடம் பழைய கால்வாய்ப் பாதை என்பது பக்கத்து டீக்கடைப் பெரியவருக்குத் தெரிந்திருந்தது. கட்டியவர் சொல்லவில்லை, பத்திரமும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. வர்த்தூரைத் தாண்டும் நீர் தட்சிண பினாகினியில் சேர்கிறது. அதுதான் நம் தென்பெண்ணை. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர், கடலூர் என்று நம் உறவினர் வயல்களைத் தொட்டுத்தான் ஆறு போகிறது. இங்கே நாம் கழுவி விடுவது அங்கே அவர்கள் மடையில் இறங்குகிறது.

நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். புட்டேனஹள்ளியிலும் கைகொண்டரஹள்ளியிலும் சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் மாநகராட்சியோடு சேர்ந்து ஏரியை மீட்டிருக்கிறார்கள். தினமும் யாராவது பார்த்துக்கொள்வதால்தான் அவை நிற்கின்றன. பெயர் வேறு, வேலை அதே ஏரி வாரியம்தான்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டம் எதுவும் சொல்லப் போவதில்லை. ஊரில் நிலம் உள்ளவர்கள் பொங்கலுக்குப் போகும்போது கோயிலுக்குப் போவதோடு கலங்கல் வரை ஒரு நடை நடந்து பாருங்கள். வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பாசன சங்கத்தாரிடம் கேளுங்கள். குத்தகைப் பணத்தில் ஏரிக்கென்று ஆண்டுக்கு ஒரு பங்கு ஒதுக்கி, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். கணக்குக் கேட்க வெட்கப்பட வேண்டாம், உத்தரமேரூரார் வெட்கப்படவில்லை. மதகைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு அறுவடை முடிந்ததும் நெல்லோ பணமோ தவறாமல் போய்ச் சேரட்டும்.

இங்கே மனை வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்று பார்ப்பதோடு பழைய கிராம வரைபடத்தையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஏரிப் பரப்பும் ராஜகாலுவேயும் அதில் தெரியும். அடுக்குமாடி சங்கங்கள் பெயிண்ட் அடிக்கவும் லிஃப்ட் பழுது பார்க்கவும் மாதச் சந்தா வாங்குகின்றன. அதில் ஒரு சிறு தொகை பக்கத்து ஏரியின் கரைக்கும் போகட்டும். லிஃப்ட் நின்றால் ஒரு நாள் மாடிப்படி ஏறலாம். ஏரி நின்றால் ஏறிப் போக இடமில்லை.

ஏரி வெட்டும் பாக்கியம் நமக்கு வாய்க்காது. முன்னோர் வெட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். முதல் அவர்கள் போட்டது. அதை அழியாமல் வைத்து, வட்டியைத் திருப்பி ஏரியிலேயே போடுவது மட்டும்தான் நம் வேலை. வருகிற கோடையில் வண்டல் வாரும்போது உங்கள் பங்கு வண்டி ஒன்று இறங்கட்டும்.